நீராவியில் கிடைத்த ராக் குழு

...ஆமாம், பின்லாந்திலேயே அதிக இரைச்சல் போடும் ராக் குழுவை, எழுபத்தொரு வயதில், உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல், தண்ணீர் வாளியைத் தட்டி நடத்தியவன் நான்தான், இதை நம்பாத ஒரே ஜீவன் என் மைத்துனன் உர்ஹோ, உறைந்த ஏரியின்மேல் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான், பனிக்கட்டியில் துளை போடும் கருவி அவனுடையது, "இன்னொரு தடவ அந்தப் புளுக ஆரம்பிச்சே, இதத் தூக்கிட்டுப் போயிடுவேன், இனிமே உன்னோட வரவும் மாட்டேன், பல்லால கடிச்சு ஓட்ட போட்டுக்க" என்று காலையிலேயே சொல்லிவிட்டான்... கருவி போனால் போகிறது, முப்பது வருஷம் கூடவே மீன் பிடித்தவன் போய்விட்டால்? வாயை மூடிக்கொண்டிருக்கலாம்... என்னால் முடிகிற காரியமா அது?

அக்டோபர் கடைசி ஞாயிறு... எங்கள் குடியிருப்பின் சௌனாவில், அதுதான் பொது நீராவிக் குளியலறையில், வீட்டுக்கு ஒரு மணி நேரம், ஐந்து மணி மூன்றாம் மாடிப் பல் டாக்டருக்கு, ஆறு எனக்கு, ஏழு உர்ஹோவுக்கு, பட்டியல் போடுகிறவன் அவன், குளிர்காலம் வருகிறது, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புங்கள் என்று அறிவிப்பு ஒட்டியவனும் அவன், நான் திருப்பவில்லை, ஆறு என்று நினைத்து ஐந்துக்கே கதவைத் திறந்தால், மேல் பலகையில் பல் டாக்டரும் மூன்று தாடிக்காரர்களும், ஏன் வந்தீர்கள் என்று ஒருவராவது கேட்டார்களா? நம் ஆட்கள் வெந்து செத்தாலும் கேட்பார்களா? நகர்ந்து இடம் விட்டார்கள், என் நேரத்தில் புகுந்தவர்களைப் பெருந்தன்மையாக மன்னித்து நானும் உட்கார்ந்தேன், அப்போதுதான் டாக்டர் பாட ஆரம்பித்தார், பாட்டா அது, குளிரில் கிளம்ப மறுக்கும் டிராக்டர்! அக்கார்டியன் டாங்கோ தவிர எதையும் காதுக்குள் விடாத எனக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது, கை தானாகச் சுடுகல்லில் தண்ணீர் ஊற்றும் கரண்டியை எடுத்து வாளியைத் தட்டியது, அந்த நாலு பேரும் ஒரு ராக் குழுவாம், பெயர் 'நனைந்த கையுறை'யாம், அன்றிலிருந்து எனக்கு வேறு பாட்டே பிடிக்கவில்லை... இதைச் சொல்லாமல் எப்படி?

"ஏழு பாட்டு மச்சான், ஏழு! கடைசியில என்னத் தோள்ல தூக்கினானுங்க பாரு, தலை கூரையில இடிச்சுது!"

உர்ஹோ எழுந்தான். முக்காலியை மடக்கினான், கருவியைத் தோளில் போட்டான், கரையைப் பார்த்து நடந்தான்... தொலைந்தது, இந்தப் பாழும் வாய்... பத்தடி போனவன் நின்றான்.

"ஏழு இல்ல. நாலு."

"என்னது?"

"நாலு பாட்டு. மூணாவதுல நீ தாளத்தக் கோட்ட விட்ட."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"வெளி ரூம்ல துண்டோட உக்காந்திருந்தேன்."

"அப்ப மணி ஆறுகூட ஆகலையேய்யா? உன் முறை ஏழுக்கில்ல?"

காலணியால் பனியைச் சுரண்டுகிறான், காது சிவக்கிறது, குளிராலா... அட, அறிவிப்பு ஒட்டிய மகானே, நீயும் கடிகாரத்தைத் திருப்பவில்லையா! இதை மறைக்கவா நான்கு மாதமாக என்னைப் புளுகன் என்றாய், இதற்காகவா முப்பது வருஷத்தையும் தூக்கிக்கொண்டு கிளம்பினாய்? நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா... தெரியவில்லை...

திரும்பி வந்து முக்காலியை விரித்தான்.

"தூக்கினது பொய். மத்ததெல்லாம் நடந்துச்சு, போதுமா?"