சனிக்கிழமை எட்டு முதல் பத்து வரை

அந்தக் குளிர்காலத்தில் சனிக்கிழமை என்றாலே சிவகௌரிக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். மற்ற ஆறு நாளும் ஏதோ மனுசியாக நடமாடினாள்.

காரணம் ஒரு வண்டி. பனியில் ஓடுகிற மோட்டார் வண்டி. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் பட்டை, நடுவில் குந்தியிருக்கும் கிரேவே. ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், மலைமேல் இருந்த அந்தப் பதின்மூன்று வீட்டுக் குடியிருப்பில் கிரேவேதான் மிகப் பழைய ஆள். காட்டுக்குள் பனிச்சறுக்குக்காரருக்குப் பாதை போட்டுக் கொடுப்பது அவருடைய சனிக்கிழமைத் தொண்டு. காட்டுக்குக் குறுக்குவழி, வீடுகளுக்குப் பின்னால் போகும் ஒழுங்கை. ஒழுங்கை பதின்மூன்று வீட்டுக்கும் பொது என்பதால், அதால் வண்டி போகலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள்.

விதிகளை அவர் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். சனிக்கிழமை மட்டும், காலை எட்டு முதல் பத்து வரை, விளக்குப் போட்டு, நடை வேகத்தில். காகிதத்தில் எழுதிவிட்டால் ஆபத்தும் கைகட்டி நிற்கும் என்று நம்புகிற சனம் இது. சிவகௌரிக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவளுடைய கணவன் தபோதரனுக்குக் காது கேளாது. முப்பது வருடம் இரும்படிக்கும் தொழிற்சாலையில் நின்றவர், பென்ஷனோடு செவிட்டையும் சேர்த்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். காதுக்கருவி இருக்கிறது. ஆனால் கம்பளித் தொப்பிக்குள் அது கீச்சிடுகிறதென்று, வெளியே போகும்போது கழற்றி வைத்துவிடுவார். ஒழுங்கையிலோ ஒரு வளைவு, ஆளுயர வேலி. அந்தப் பக்கம் நிற்கிறவர் இந்தப் பக்கம் வருகிறவருக்குத் தெரியாது.

இவ்வளவும் தெரிந்தவள்தான் கையெழுத்து வைத்தாள்.

தபோதரன் காது டாக்டர் நாள் குறித்துக் கொடுத்த டெர்மினுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் கிரேவே வந்தார். கூட்டத்துக்கு வரச் சிரமமென்றால் உங்கள் வாக்கையும் நானே போடுகிறேன், இதில் ஒரு கையெழுத்து மட்டும் வையுங்கள் என்றார். இந்த வீட்டை வாங்கிய வருடம் அந்த்ராக் படிவமெல்லாம் நிரப்பித் தந்த மனிதர். அவள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியை இரண்டு கப் குடித்துவிட்டு, அவள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு கேட்கிறார். அவருடைய முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எப்படியும் மற்றவர்கள் தோற்கடித்துவிடுவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழுதிக் கொடுத்தாள். ஏழுக்கு ஆறு என்று நிறைவேறியது. அந்த ஏழாவது வாக்கு தன்னுடையது என்று கணவனிடம் சொல்ல நாலு கிழமையாக அவளுக்குத் துணிவு வரவில்லை.

அதற்குப் பதிலாக அப்பம் சுட்டாள். தபோதரன் அப்பத்துக்கு முன்னால் இருந்தால் லேசில் எழும்பாத மனிதர். சனிக்கிழமை எட்டு மணிக்குத் தாச்சியை வைத்து, பத்து மணிவரை ஒவ்வொன்றாகச் சுட்டுப் போட்டு, அவரை மேசையோடு கட்டிவைத்தாள். மூன்று சனி இப்படியே போனது. அவருக்கு இரண்டு கிலோ கூடியதுதான் மிச்சம்.

நாலாவது சனி, மகள் ஜெசிகா ஸ்டுட்கார்ட்டிலிருந்து போன் எடுத்தாள். வேலை மாறுவதா விடுவதா என்று ஒரே குழப்பம். சிவகௌரி போனோடு அறைக்குள் போனவள், திரும்பி வந்து பார்த்தால் கதிரை வெறுமையாக இருந்தது. மேசையில் காதுக்கருவிகள் இரண்டும் கிடந்தன. கொழுக்கியில் தொப்பி இல்லை. மணி எட்டு இருபது. யன்னலுக்கு வெளியே பக்கத்து வீடே தெரியாத பனிப்புகார். அந்தப் புகாருக்குள் எங்கேயோ வண்டி உறுமத் தொடங்கியது.

வீட்டுச் செருப்போடு ஓடினாள். சத்தம் இடப்பக்கம் கேட்டது, பிறகு வலப்பக்கம், பிறகு தலைக்குள்ளேயே கேட்டது. இரண்டு தரம் விழுந்தாள். “இஞ்சருங்கோ, இஞ்சருங்கோ” என்று கத்தினாள். காது கேளாத மனிதனைக் கூப்பிட்டு என்ன பிரயோசனம் என்று தெரிந்தும் கத்தினாள். என் கையாலேயே எழுதிக் கொடுத்தேனே என்ற ஒரே நினைப்புத்தான் அவளுக்குள் ஓடியது. வளைவில் மஞ்சள் விளக்கொன்று கலங்கித் தெரிந்தது. இரும்பு தரையில் உரசிக் கிறீச்சிட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

முடிந்தது என்று நினைத்தாள். வேலியைப் பிடித்துப் பிடித்து வளைவைத் தாண்டினாள்.

தபோதரன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், கையில் மண்வெட்டி. அவருக்கு ஒரு முழம் பின்னால் வண்டி நின்றது. அதன் கட்டைகள் பனியில் இல்லை. பனி வழித்த வெறும் தாரில் உரசி இழுபட்டு நின்றிருந்தன. கிரேவேயின் முகத்தில் இரத்தமே இல்லை. இது ஒன்றும் அறியாத தபோதரன் இன்னொரு தடவை பனியை அள்ளி வேலியோரம் எறிந்தார். அவருடைய ஜாக்கெட்டை அவள் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினார்.

இருவரையும் பார்த்துச் சந்தோசமாகச் சிரித்தார். “நீ கையெழுத்து வைச்சதைக் கூட்டம் முடிஞ்சு வந்த கடிதத்தில பாத்தனான். சொல்ல வெக்கப்படுறாயாக்கும் எண்டு நானும் கேக்கேல்லை. ஓமெண்டு சொன்னால் முழுமனசோட செய்யவேணுமெல்லே. அதுதான் அந்தாள் போறதுக்கு வழி துப்பரவாக்கிறன்.”

பனியில் ஓடும் வண்டிக்குப் பனியை அள்ளி வழிவிட்ட மனிதர் இந்த நாட்டிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்த மடைத்தனம்தான் வண்டியை நிறுத்தியது. வேறொரு நாளென்றால் சிவகௌரி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை. அவரை அந்த வளைவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது தன் கையெழுத்து என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

எல்லாம் சரிதானே என்று கிரேவே ஜெர்மனில் கேட்டார். அந்தக் கேள்விக்கு முப்பது வருடமாக அவளிடம் ஓம் என்ற ஒரே பதில்தான் இருந்தது.

“இல்லை” என்றாள். எனக்கு இதில் சம்மதமில்லை, அடுத்த கூட்டத்துக்கு நானே வந்து சொல்வேன், அதுவரை வண்டியை எடுக்காதீர்கள் என்றாள். பிழை பிழையான ஜெர்மனில்தான் சொன்னாள். கிரேவே தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையசைத்தார்.

“என்ன சொல்லுறாய்?” என்று தபோதரன் கேட்டார்.

அவள் அவருடைய தொப்பியை விலக்கி, காதோடு வாயை வைத்து, ஒழுங்கை முழுவதும் கேட்கக் கத்தினாள். “எனக்கு விருப்பமில்லை. அந்தாளின்ரை முகத்துக்காகக் கையெழுத்து வைச்சனான். உங்களைக் கொல்லப் பாத்தனான்.”

புகாருக்குள் யாரோ யன்னலைத் திறந்தார்கள். கடைசிச் சொல் பிடிபடவில்லை என்று தபோதரன் காதில் கையை வைத்துக் காட்டினார். அவள் மூச்சை இழுத்து மறுபடியும் கத்தினாள்.