விட்டமின் பாட்டில்

பனி பெய்தால் வாசலில் கிடக்கும் பேப்பரைக்கூட எடுக்கப் போகமாட்டார் மகாதேவன். அப்படிப்பட்ட மனிதரின் மகள் பனியில் ஓடுவதற்கென்றே பல்கலைக்கழகக் குழுவில் சேர்ந்தாள் என்றால் யாரை நோவது? ஸ்கீ என்றால் மலையிலிருந்து சர்ரென்று இறங்குவது என்றுதான் அவர் நினைத்திருந்தார். இது வேறு. காலில் நீளப் பலகைகளைக் கட்டி, இரண்டு கைகளிலும் கம்பை ஊன்றிக்கொண்டு, மேடும் பள்ளமுமான காட்டுப் பாதையில் மைல் கணக்கில் மூச்சிரைக்க ஓடுவது. சம்பளம் கொடுத்தாலும் அவர் செய்யமாட்டார்.

தொண்ணூற்றேழு ஜனவரியில் அந்தக் குழுவுக்குப் பத்து நாள் பயிற்சி முகாம். அவர்கள் இருந்த நியூ ஜெர்சி பிஸ்கட்டவேயிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம், மலைமேல். கிளம்புவதற்கு முன் மருத்துவப் படிவத்தை நிரப்பிக்கொண்டே தீக்ஷா கேட்டாள்.

"அப்பா, சின்ன வயசுல எனக்கு ஏதாவது இருந்துதா? ஃபெயின்டிங், சீஷர்ஸ், எனிதிங்?"

மகாதேவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒண்ணும் இல்லையே."

இருந்தது. நான்கு வயதிலிருந்து பத்து வயது வரை அவளுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. பெண் குழந்தை, நாளைக்கு ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும், நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவர் மனைவி ஜலஜா அந்த மாத்திரைகளை ஒரு விட்டமின் பாட்டிலில் கொட்டி வைத்தாள். மகாதேவன் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். குழந்தையும் விட்டமின் என்றே விழுங்கி வளர்ந்தது. மாத்திரையை நிறுத்திய அன்று டாக்டர், தூக்கம் கெட்டால், உடம்பை ரொம்ப வருத்தினால் திரும்ப வரலாம் என்று எச்சரித்தார். பாட்டில் குப்பைக்குப் போனது, எச்சரிக்கையும் கூடவே போனது.

முகாமின் நாலாம் நாள் சாயங்காலம் தீக்ஷா போன் செய்தாள். வழக்கம்போல் பாதிக்குப் பாதி ஆங்கிலம் கலந்துதான் பேசினாள். ஒரே அறையில் எட்டுப் பேர், தினமும் நாலு மணி நேரம்கூடத் தூங்குவதில்லை, ஆனால் சூப்பராக இருக்கிறது என்றாள். இன்றைக்கு ஒரு வேடிக்கை, கை தானாக உதறிக் கம்பு கீழே விழுந்துவிட்டது, ஒரு வளைவைத் தாண்டியதே ஞாபகமில்லை என்று சிரித்தாள். நாளைக் காலை இருபது கிலோமீட்டராம். ஒவ்வொருவராகத் தனியே அனுப்புவார்களாம்.

மகாதேவனுக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற ஜலஜா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "ஜாக்கிரதையா இரும்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

"சுகர் லேண்ட்ல இருக்கற டாக்டர் ஆத்துலேர்ந்து அடுத்த மாசம் பொண்ணு பாக்க வரா" என்றாள் ஜலஜா. "அந்த டீம்ல மீனாக்ஷி பொண்ணும் இருக்கா. அவ காதுல விழுந்தா நியூ ஜெர்சி முழுக்கத் தெரிஞ்சுடும்."

"காட்டுல தனியா விழுந்தான்னா?"

"பத்து வருஷமா வரலை. நாளைக்குன்னு பாத்து வரப்போறதா?"

விடிந்ததும் ஜலஜாவுக்குத் தெரியாமல் முகாமுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆபீசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வடக்கே போகும் ஃப்ரீவேயில் ஏறினார். உப்புத் தூவிய சாலை. வழி நெடுக, தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டார். நேற்று ஒரு வாக்கியம் பேசியிருந்தால் இவர்கள் யாருமே தேவைப்பட்டிருக்கமாட்டார்கள்.

முகாமின் கோச் நரைத்த தலையோடு கழுத்தில் நிறுத்துகடிகாரம் மாட்டிய ஒரு பெண்மணி. தீக்ஷா அரை மணி நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டாளே என்றார்.

மகாதேவன் சொன்னார். ஆங்கிலத்தில் மூன்றே வார்த்தை. பதினாறு வருஷம் பெற்ற பெண்ணிடமே மறைத்ததை, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் மூச்சு விடுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

கோச் திட்டவில்லை. பனியில் ஓடும் வண்டியில் இரண்டு பேரை விரட்டி அனுப்பிவிட்டு, கோப்பைத் திறந்து தீக்ஷாவின் படிவத்தை எடுத்தார். வலிப்பு உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்ற கட்டத்தில் குறி. பக்கத்தில் மகளின் குண்டு குண்டான எழுத்தில், 'அப்பாவிடம் கேட்டுவிட்டேன்' என்று எழுதியிருந்தது.

"அவளுக்குத் தெரியுமா?" என்றார் கோச்.

மகாதேவன் இல்லை என்று தலையசைத்தார். அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. உயிரோடு வந்தால் போதும், கல்யாணமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று நினைத்தார்.

வண்டி திரும்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. பாதை ஓரத்தில் விழுந்து கிடந்தாளாம். போர்வைக்குள் சுருண்டிருந்தாள். நாக்கைக் கடித்ததில் மோவாயில் ரத்தம் உறைந்திருந்தது. ஆபீஸ் ஷூவோடு ஓடிய மகாதேவன் வழுக்கி விழுந்து, எழுந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஐஸாக இருந்தது.

தீக்ஷா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு ஆங்கில வார்த்தைகூடக் கலக்காமல் தமிழில் கேட்டாள்.

"அப்பா, எனக்கு என்ன ஆச்சு? சின்ன வயசுல ஏதாவது இருந்துதா?"

"இருந்துதும்மா." அவர் அழுதுவிட்டார். "அந்த விட்டமின் பாட்டில் ஞாபகம் இருக்கா?"

 அவள் யோசிப்பது தெரிந்தது. புரிந்துகொண்டதும் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. கூட ஒருவர்தான் ஏறலாம், யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். மகாதேவன் படியில் கால் வைத்தார்.

"கோச் வரட்டும்" என்றாள் தீக்ஷா.