பிரபாவின் ஃப்ரெட் இல்லாத பேஸ்

பிரபாவும் அவள் தம்பி இளவழகனும் பேச்சை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. இத்தனைக்கும் ஒரே இன்னிசைக் குழு, ஒரே மேடை, இடையில் ஆறடி தூரம். அவன் கீபோர்டு, அவள் பேஸ் கிதார். ஒருவருக்கொருவர் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நடுவில் உட்கார்ந்திருக்கும் டிரம்ஸ்காரர் மோகன்குமாரிடம் சொல்வார்கள். அவர் கழுத்தைத் திருப்பி மறுபக்கம் ஒப்பிப்பார். வாசிக்கிற வேலையைவிட இந்த வேலைதான் அலுப்பு என்று அவர் புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

எல்லாம் பிரபாவின் இடது தோளால் வந்த வினை. பதினேழு வருடம் ஐந்து கிலோ மரக்கட்டையை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றால் தோள் என்ன கல்லா? விரல் நுனி வரை மரத்துப்போனது. திருச்செங்கோட்டு டாக்டர், "எடை கொறஞ்சதா ஒண்ணு பாருங்க, இல்லீன்னா வாசிக்கறத உட்டுருங்க" என்று சொல்லிவிட்டார். அவள் இரண்டு கச்சேரிக்குப் போகவில்லை. அந்த இரண்டிலும் இளவழகன் பேஸ் பகுதியைக் கீபோர்டிலேயே இடது கையால் வாசித்துச் சமாளித்தான். மூன்றாவது கச்சேரிக்கு அவள் வந்து நின்றதும் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "பேஸ் இல்லாமயே நல்லாத்தானக்கா இருக்குது. எதுக்கு நீ செரமப்படறே?"

கேட்டவர்களுக்கு அது அக்கறையாகத் தெரிந்திருக்கும். நீ வேண்டாம் என்பதை இதைவிட இனிப்பாகச் சொல்ல முடியாது என்று பிரபாவுக்குத் தெரிந்தது. அப்பா ஆரம்பித்த குழுவில், அப்பா கையால் வாங்கிய இடத்திலிருந்து, தோள் வலியைச் சாக்காக வைத்துத் தள்ளிவிடப் பார்க்கிறான். அன்றோடு பேச்சு நின்றது.

மறுவாரமே எடை குறைந்த பேஸ் வாங்கச் சேலத்துக்கு பஸ் ஏறினாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பையனுக்குங்களா?" என்றார். "எனக்கு" என்றாள். அந்தக் குரலுக்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. முதலில் எடுத்துக் கொடுத்தது உள்ளே முழுக்கக் குடைந்த பேஸ். பஞ்சு மாதிரி இருந்தது, ஆனால் ஒலிபெருக்கி பக்கத்தில் போனதும் ஊளையிட்டது. அடுத்தது நடுவில் கட்டை விட்டு இரண்டு பக்கமும் மட்டும் குடைந்தது. ஊளை இல்லை. தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் எடுத்தாள். கழுத்துப் பகுதி தரையைப் பார்க்கச் சாய்ந்தது. அதைத் தாங்கவே இடது தோள் பாதி உழைக்க வேண்டும்.

மூன்றாவது, சுவரின் மேல் மூலையில் தூசியோடு தொங்கியது. அதுவும் நடுக்கட்டை விட்டுக் குடைந்ததுதான். மாட்டிக் கையை எடுத்தாள். வைத்த இடத்தில் அப்படியே நின்றது. வலது முழங்கை படும் ஓரத்தைக்கூட மழுங்கச் சீவியிருந்தார்கள். தோளில் ஒன்று தொங்குகிறது என்பதே மறந்துபோகும் போலிருந்தது.

"அது வேண்டாமுங்க, அதுல ஃப்ரெட் இல்லீங்க" என்றார் கடைக்காரர்.

வீணைக்கு மெட்டு எப்படியோ, கிதாருக்கு ஃப்ரெட் அப்படி. விரலை ஏறக்குறைய வைத்தால் போதும், பதித்திருக்கும் கம்பி சுரத்தைச் சரியாகக் கொடுத்துவிடும். இதில் அது கிடையாது. மொழுமொழுவென்று வெறும் மரம், ஓரத்தில் அடையாளத்துக்குச் சில புள்ளிகள். விரல் ஒரு நூல் நகர்ந்தால் சுரமும் ஒரு நூல் நகரும். "இதுதான் வேணும்" என்றாள் பிரபா.

வீட்டுக்காரர் வெங்கடாசலம் போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தார். அவர் விட்டுப்போன கருவிப் பையில், என்ஜின் இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடுகள் இருந்தன. அவற்றைக் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே செருகிச் செருகிப் பார்த்து உயரத்தைக் குறைத்தாள். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று முடுக்கி வளைவை எடுத்தாள். சொரசொரப்பான கம்பி மரத்தைத் தின்றுவிடும் என்று வழுவழுப்பான கம்பி மாற்றினாள். அந்த பேஸில் பிரிட்ஜ் என்கிற மரத்துண்டு ஆணியடித்து நிற்பதில்லை, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். அதை முன்னும் பின்னும் தள்ளி, புள்ளிக்கும் சுரத்துக்கும் பொருந்திவந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டாள். எல்லாம் முடிய ஒன்பது நாள் பிடித்தது.

புதிய பேஸைப் பற்றிக் கேள்விப்பட்ட இளவழகன் சொல்லி அனுப்பினான். மோகன்குமார் தரையைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தார்: "விஜயதசமிக்குச் சங்ககிரியில காதுகுத்துக் கச்சேரிங்க்கா. அதுல ஒரு சுரம் வெலகுனாலும் அதோட முடிஞ்சுதுன்னு அண்ணன் சொல்லச் சொன்னாருங்க."

"வெலகாதுன்னு சொல்லு" என்றாள் பிரபா.

முந்தின நாள் ஆயுத பூஜை. குழுவின் கருவிகள் எல்லாம் அப்பா வீட்டில், அதாவது இப்போது இளவழகன் இருக்கும் வீட்டில், வரிசையாக வைத்துப் பொட்டு வைக்கப்படும். மறுநாள்தான் எடுக்க வேண்டும். தொழில் கருவியைப் பூஜைக்கு அனுப்ப மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? வயிறு எரிய எரிய பேஸைக் கொடுத்தனுப்பினாள்.

சங்ககிரி மண்டபத்தில் உறையைத் திறந்ததும் பார்த்தாள். பிரிட்ஜ் ஒரு விரற்கடை தள்ளி நின்றது. பென்சில் கோடு இல்லை. அந்த இடத்தில் சந்தனப் பொட்டு.

"யாரு தொட்டதுன்னு கேளு, மோகன்!"

"பூசைக்கு வெச்சா தொடைக்காம இருப்பாங்களா?" என்று மறுபக்கம் சத்தம் வந்தது. "கம்பிய எளக்கிட்டு அடியில நாந்தான் தொடச்சேன். என்னமோ கிறுக்கல் இருந்துச்சு, அதயும் அழிச்சேன். அத்தனையும் நாந்தான் தொடச்சேன்னு சொல்லு. என்ற கீபோர்டயும் சுவிச்சப் போட்டு, ஒவ்வொரு பட்டனா ஈரத்துணியில தொடச்சேன்னு சொல்லு!"

"அண்ணன் தொடச்சாராமுங்க" என்றார் மோகன்குமார்.

வேண்டுமென்றே செய்தான் என்பதில் பிரபாவுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. திட்டக்கூட நேரம் இல்லை, இருபது நிமிடம்தான் இருந்தது. கம்பியைத் தளர்த்தி, பிரிட்ஜைத் தள்ளி, மறுபடி முறுக்கி, போனில் இருக்கும் சுருதிமானியில் பார்த்து, மறுபடி தளர்த்தினாள். கூப்பிடும்போது நான்கு கம்பியும் புள்ளியோடு பொருந்தி நின்றன.

முதல் பாட்டின் முதல் வரியிலேயே பல் கூசியது. பேஸும் கீபோர்டும் ஒட்டவில்லை. இளவழகன் திரும்பி முறைத்தான். அதில் ஒரு சந்தோஷம் இருந்ததை அவள் பார்த்தாள்.

ஆனால் பிசகு தன்னிடம் இல்லை. இருபது நிமிடம் முன்புதான் ஒவ்வொரு கம்பியாகப் பார்த்திருக்கிறாள். சுருதியில் கீழே இருப்பது அவன் கீபோர்டு. துடைத்த துடைப்பில் ஏதோ பட்டன் அழுந்தி, மொத்தச் சுருதியும் இறங்கியிருக்கிறது. பாடுகிற சௌமியா கீபோர்டைக் கேட்டுத்தான் பாடுகிறாள். ஆக மேடையே அவன் பக்கம், அவள் மட்டும் தனி. நியாயம் பேசிக்கொண்டு நின்றால் இன்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கம்பியை இறக்கவும் முடியாது, முறுக்காணியில் கை வைத்தால் தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பிரபா புள்ளிகளைப் பார்ப்பதை விட்டாள். விரலை ஒரு நூல் பின்னுக்கு இழுத்தாள், இன்னும் ஒரு நூல். ஒட்டியது. ஃப்ரெட் இருந்திருந்தால் இந்த வேலை நடந்திருக்காது. விரல் வைக்காத வெறும் கம்பி தன் பழைய சுருதியையே கொடுக்கும் என்பதால் அதை ஒருமுறைகூடத் தட்டாமல், ஒவ்வொரு சுரத்தையும் காதாலேயே தேடி வைத்து, தொடர்ந்து நான்கு பாட்டு வாசித்தாள். இளவழகன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

ஐந்தாவது பாட்டுக்குப் புல்லாங்குழல் வாசிக்க ஆத்தூரிலிருந்து பாலசுந்தரம் வந்திருந்தார். எதற்கும் அசராத பெரியவர். நான்கு சுரம் ஊதினார், நிறுத்தினார், மறுபடி ஊதினார். கூட்டமே முகம் சுளித்தது.

"என்னங்க ஊதறீங்க?" என்று இளவழகன் சீறினான்.

"என் குழல் சரியாத்தான்யா இருக்கு. உன் பொட்டியப் பாரு, கீழ எறங்கிக் கெடக்கு" என்றார் அவர். முன்னாலிருந்த மைக் அதை மண்டபம் முழுக்கக் கேட்கச் செய்தது. பந்தியிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

இளவழகன் கீபோர்டின் சின்னத் திரையைத் தட்டிப் பார்த்தான். சுருதி எண் 440 இருக்க வேண்டிய இடத்தில் 432 இருந்தது. நேற்றுத் துடைத்ததிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறது. அப்படியானால் நான்கு பாட்டு அக்காவின் பேஸ் எப்படி ஒட்டியது? அவன் கெட்டிக்காரன், புரிய அதிக நேரம் ஆகவில்லை. முகம் கறுத்துப்போய், மோகன்குமாரைத் தாண்டி நேராக அவளிடமே வந்தான்.

"உனக்கு மொதப் பாட்டுலயே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? இத்தன பேருக்கு முன்னால என்ற மானமே போச்சே!"

"நாமதான் பேசறதில்லயே" என்றாள் பிரபா.

அவன் திரும்பிப் போய் சுருதியை ஏற்றினான். நெஞ்சுக்குள் இருந்த எரிச்சல் பிரபாவுக்கு ஆறவில்லை. ஆனாலும் சுகமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

"அடுத்த பாட்டுக்குத் தயாரான்னு கேளு" என்றான் இளவழகன், டிரம்ஸைப் பார்த்து.

"தயார்னு சொல்லு, மோகன். ஞாயித்துக்கிழமை நாமக்கல் கச்சேரிக்கும் வாரேன்னு சொல்லு."

மோகன்குமார் கழுத்தைத் திருப்பினார். இளவழகன் அவர் சொல்லும்வரை காத்திருக்காமல் தலையை ஆட்டிவிட்டு முதல் சுரத்தை அழுத்தினான். பிரபா விரலைப் புள்ளியின் நேராகவே வைத்தாள். முக்கால் மணி நேரம் நின்றிருந்தும் தோள் வலிக்கவில்லை.