வெயிலில் ஓடும் கோட்டு

மனித குல வரலாறு இனி இரண்டே பாகம்: கோட்டுக்கு முன், கோட்டுக்குப் பின்.

இப்படி அறிவித்தவர் குடிநீர் வாரியத்தின் தலைமைப் பொறியாளர். கோட்டின் முதுகில் சூரியத் தகடு, பையில் கணினி, மணிக்கட்டில் திரை. மீட்டர் பார்க்கிறவர் தெருவில் நடக்க நடக்க, வெயிலே அதை ஓட்டும். பேட்டரி வைத்தால் சூரியனுக்கு அவமானம் என்று அதையும் கழற்றச் சொல்லிவிட்டார்.

அறிமுக விழாவில் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்க ஒட்டடையைப் பிடித்தார்கள். ஒட்டடைக்குச்சி உடம்பு, அதனால் அந்தப் பெயர். ஒன்பது வருடமாகத் தற்காலிக மீட்டர்காரர்.

"திரையில எண் ஓடுச்சுன்னா நீ நிரந்தரம். ஓடலேன்னா வீட்டுலயே இருந்துக்க" என்று பொறியாளர் சொல்லியிருந்தார்.

ஒட்டடை ஒரு வாரம் மொட்டை மாடியில் சூரியனுக்கு முதுகைக் காட்டிப் பழகினார். எண்கள் குதிரையாக ஓடின.

"கொஞ்சம் திரும்பி நில்லுங்க, ஒரு பக்கமே கருகுது" என்றாள் மனைவி.

விழாவன்று வெயில் பல்லைக் காட்டியது. ஆனால் மைதானத்துக்குள் நுழைந்ததும் ஒட்டடை அண்ணாந்து பார்த்தார். பொறியாளருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதாம். ஊசிமுனை வெளிச்சம்கூட நுழையாதபடி கூரை போட்டிருந்தார்கள். மணிக்கட்டுத் திரை ஒருமுறை கண்சிமிட்டி அணைந்தது.

மேடைக்குப் பின்னால் வயர்மேன் நின்றிருந்தான். மனைவியின் தம்பி.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"மேல பாருடா. சூரியன் எங்க?"

"வெளியதான் நிக்குது. அழைப்பிதழ் இல்லையாம், உள்ள விடல."

"என் பொழப்பே போகுது, உனக்கு நக்கலா?"

"போகாது. முதுகை இந்தப் பக்கம் காட்டிட்டு அசையாம நில்லுங்க."

ஒரு பெரிய ஃபோகஸ் லைட்டை உருட்டி வந்து, மேடைத் திரைச்சீலையின் இடுக்கு வழியே நேராகத் தகட்டின்மேல் திருப்பினான். ஜெனரேட்டர் உறுமியது. எண்கள் ஓடின. ஒட்டடையின் முதுகு வெந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு சொட்டு எரிபொருள் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை" என்று பொறியாளர் முழங்கினார். ஜெனரேட்டர் இரைச்சலில் முதல் வரிசைக்கு மேல் யாருக்கும் அது கேட்கவில்லை. ஆனாலும் எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாளே நிரந்தர ஆணை வந்தது. பணியிடம், வாரியத்தின் மீட்டர்கள் வரிசையாக நிற்கும் நிலவறை. சீருடை, கோட்டு.

எண்களை ஒட்டடை பென்சிலால் குறித்துக்கொள்கிறார்.