பத்து நிமிஷக் காற்று

வெடிமருந்து அறையிலிருந்து வெளியே வந்த பிரபாகரன் வெட்டவெளியில் உட்கார்ந்து கைகளைப் பார்த்தான். நடுங்கின.

ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே, காய்ந்த கரிசலுக்கு நடுவே அந்தப் பட்டாசு ஆலை. பக்கத்து ஆலை வெடித்து இருபது நாள். அன்று தொடங்கிய நடுக்கம். சாத்தூரில் டாக்டரிடம் போனான். அவர் மாத்திரை எழுதவில்லை.

"வேலைக்கு நடுவுல பத்து நிமிஷம் வெளிய போய் உக்காருங்க. பச்சையா எதையாவது பாருங்க."

பச்சையாக வேலிக்கருவை மட்டும் இருந்தது. அதைப் பார்த்தான். காற்றில் கந்தக வாடை.

வெயில் ஏறினால் மருந்து தானாகப் பற்றிக்கொள்ளும்; அதற்குள் கலந்து முடிக்க வேண்டும். மணி எட்டரை. உள்ளே பாதி கலந்த மருந்தோடு முனியசாமி காத்திருந்தான். சலிக்க இரண்டு பேர் வேண்டும்.

போர்மேன் செல்லக்கனி வந்தார்.

"ஏலே, காத்து வாங்க வந்தியா, குத்தாலத்துக்கு டூர் வந்தியா? எம்புட்டு நேரம்லே?"

"இன்னுங் கொஞ்சம் அண்ணாச்சி."

"வெயிலு ஒனக்காக நிக்குமா?"

"கை நிக்கல. இதோட போனா முனியசாமியையும் சேத்துக் கொன்னுருவேன்."

செல்லக்கனி அவன் கைகளைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"அப்ப வேற ஆளத்தான் விடணும்."

வேறு ஆள் இல்லை. அந்த வெடிப்புக்குப் பிறகு மருந்து கலக்கத் தெரிந்த மற்றவர்கள் வேலைக்கு வரவில்லை.

எதிர் அறை வாசலில் பெண்கள் சும்மா நின்றார்கள். கலந்த மருந்து வந்தால்தான் குழாயில் அடைக்கும் வேலை அவர்களுக்கு உண்டு. அவர்களிடமிருந்து பிரபாகரனின் மனைவி ரோஜா நடந்து வந்தாள்.

"நான் சலிக்கேன் அண்ணாச்சி."

"தெரியுமா ஒனக்கு?"

"பாத்திருக்கேன்."

செல்லக்கனி அவள் கைகளைப் பார்த்தார்.

"வளையலக் கழத்திட்டுப் போ" என்றார்.

ரோஜா வளையல்களைக் கழற்றிக் கணவன் கையில் கொடுத்தாள்.

"நீங்க காத்தாட இருங்க. இன்னைக்கு ஒரு நாளுதான்."

அவன் கைக்குள் வளையல்கள் சத்தம் போட்டன. விரல்களை இறுக்கினான். சத்தம் நிற்கவில்லை. அவள் மருந்து அறையை நோக்கி நாலு எட்டு வைத்திருந்தாள்.

"ஏ ரோஜா!"

திரும்பினாள். அவன் எழுந்து வளையல்களை அவளுடைய முந்தானையில் போட்டான். கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"நின்னுருச்சு. நீ ஒன் வேலைக்குப் போ."

"கையக் காட்டுங்க."

"நின்னுருச்சுங்கேன்ல."

"அண்ணாச்சி, நீங்களாவது காட்டச் சொல்லுங்க."

செல்லக்கனி மருந்து அறைக் கதவை அவனுக்குத் திறந்துவிட்டார்.