இருபத்தோரு மைல் ஷெட்

வெர்ல் ஸ்டக்கியின் கார் ஷெட் வெளியே அளந்தால் இருபத்து நான்கு அடி நீளம். உள்ளே, 2022 ஜனவரி பழைய கார் ஏலம் முடிந்த வார நிலவரப்படி, இருபத்தோரு மைல். மாவட்ட வரி அலுவலகத்திலிருந்து வந்தவர் வெளிச்சுவரில் நாடா பிடித்து இருபத்து நான்கு என்று எழுதிக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உள்ளளவுக்கு எங்க படிவத்துல கட்டம் இல்லைங்க" என்று சொல்லிப் போய்விட்டார். இண்டியானாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மில்ஃபோர்க் ஊரில் இதைப் பற்றி வேறு புகார் எதுவும் எழவில்லை.

ஷெட்டின் கடைசியில் நின்றது 1970ஆம் வருஷத்து செவெல் கார். வெர்ல் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஏப்ரலில், சேர்த்து வைத்திருந்த சம்பளம் முழுவதையும் கொட்டி, நாலாயிரத்து நூறு டாலருக்குப் புதிதாக வாங்கியது. கரும்பச்சை நிறம், மூக்கிலிருந்து வால்வரை இரண்டு வெள்ளைப் பட்டை, அந்த வருஷம் போட்ட எஞ்சின்களிலேயே பெரியது. முன்னால் தனித்தனி இருக்கை கிடையாது, ஒரே நீள இருக்கைதான். கியர்த் தண்டு தரையிலிருந்து எழும்பி நடுவில் நின்றது. அச்சு ஆலைக் கணக்கெழுத்தாளரின் மகள் ஆர்வெல்லாவுக்கு அப்போது இருபது வயது. அவள் கதவோரம் உட்காரவில்லை, நடுவில் உட்கார்ந்தாள். தண்டு அவள் முழங்காலுக்கு இடையில் வந்ததால் வெர்லுக்குக் கையை நீட்டக் கூச்சமாக இருந்தது. அதனால் அவன் கிளட்ச்சை மிதித்து "ம்" என்பான், அவள் இடது கையால் கியரைப் போடுவாள். அக்டோபரில் கல்யாணம் நடந்தபோது இருவரும் சேர்ந்து ஆறாயிரம் மைல் ஓட்டியிருந்தார்கள். ஒரு தடவைகூடப் பல்சக்கரம் கரகரத்ததில்லை.

பிறகு பெட்ரோல் விலை ஏறியது, பிள்ளைகள் பிறந்தார்கள், பின்னால் சாமான் ஏற்றும் நீளக் கார் ஒன்று வந்தது, செவெல் ஞாயிற்றுக்கிழமை வண்டியாயிற்று. 1987 ஜூலையில், ஊர்ச் சதுக்கத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி, எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து, பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், ஓஹையோக்காரர் ஒருவர் எஞ்சின் நம்பரையும் வண்டி நம்பரையும் டார்ச் அடித்து ஒத்துப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டாயிரம் டாலர் தருவதாகச் சொன்னார். வெர்ல் விற்கவில்லை. ஆனால் வீட்டுக்கு ஓட்டிவந்து நிறுத்தினான், மைல் மீட்டரைப் பார்த்தான். முப்பத்தோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. "இதுக்கு மேல ஒரு மைல் ஓடினாலும் காசு குறையும். கொஞ்ச நாள் வெச்சிருந்து வித்து, ஏரிக்கரையில ஒரு வீடு வாங்கிடலாம்" என்றான். மறுநாள் காலை துடைக்கப் போனவனுக்கு வண்டி நானூறு அடி தள்ளி நின்றது.

விலை இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகும் என்பதை அடுத்த சில வருஷங்களில் ஊர் கண்டுகொண்டது. 1990இல் இருபத்து நாலாயிரம் என்று பழைய கார் விலைப்புத்தகம் போட்டபோது ஆயிரத்து அறுநூறு அடி. அதற்கிடையில் வெர்ல் பெட்ரோல் தொட்டியை இறக்கிச் சுத்தம் செய்தபோது அதன் தலையில் ஒட்டியிருந்த தொழிற்சாலைத் தாளைக் கண்டெடுத்திருந்தான். எந்த எஞ்சின், எந்த நிறம், எந்த இருக்கை என்று அச்சடித்த, பழுத்துப்போன காகிதம். அது இருந்தால்தான் வண்டி அசல் என்று சந்தை நம்பும். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குடும்ப பைபிளுக்குள் வைத்தான். 2006இல் ஒரு லட்சம், ஐந்து மைல். சனிக்கிழமை காலையில் ரொட்டியும் பிளாஸ்க்கும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போய், எஞ்சினைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, மெழுகு தேய்த்துவிட்டு மாலையில் வருவான். 2009இல் வங்கிகள் விழுந்து விலையும் விழுந்தபோது ஷெட் ஒன்றேகால் மைலுக்குச் சுருங்கியது. அந்தக் கோடையில் மட்டும் ஆர்வெல்லா கூடவே நடந்து போய், உறையை விலக்கி, நடு இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். "ஒரே ஒரு தடவை ஐஸ்கிரீம் கடை வரைக்கும் போய்ட்டு வரலாமே" என்றாள். "அடுத்த வருஷம் விலை திரும்பிடும், பொறு" என்றான் வெர்ல். விலை திரும்பியது.

உள்ளே பார்க்க எதுவும் இல்லை. முதல் பத்தடிக்குச் சுத்தியலும் ஸ்பேனரும் தொங்கும் பலகை, அதற்கப்பால் சிமெண்டுத் தரை, நிலவறைக் குளிர், சிள்வண்டுச் சத்தம். வேறு எந்த மோட்டார் வண்டியை உள்ளே விட்டாலும் இருபத்து நான்காம் அடியில் பின்சுவரில் முட்டியது. நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமே தூரம் திறந்தது. தொற்றுநோய்க்காலம் முடிந்து, வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாம் தங்கள் இளமையை ஏலத்தில் எடுக்கக் கிளம்பியபோது விலை இரண்டு லட்சத்தைத் தொட்டது. அந்த ஜனவரியில் வெர்ல் மூன்று நாள் சாப்பாட்டோடு எஞ்சினை ஓடவிடப் போனான். ஐந்தாம் நாளும் திரும்பவில்லை.

தபால் வண்டி ஓட்டும் க்ளென்னா, ஸ்டக்கி வீட்டு முகவரி என்றால் அதில் ஷெட்டும் சேர்த்தி என்று சொல்லி, சைக்கிளில் உள்ளே போய்ப் பார்த்து வந்தாள். வெர்ல் சுகமாகத்தான் இருந்தான், காருக்குள். முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டுவிட்டன. எடை இருநூற்று நாற்பது பவுண்டு, சைக்கிளில் கட்டி இழுக்க ஆகாது. அவன் கொடுத்தனுப்பிய சீட்டில் இப்படி இருந்தது: "நடக்க முடியவில்லை. ஓட்டினால் இருபத்தோரு மைல் ஏறிவிடும். சந்தை கொஞ்சம் தளரட்டும், கிட்ட வந்ததும் மெல்ல நடந்து வந்துவிடுகிறேன். சாக்ஸ் அனுப்பு." அரைமணி நேரத்தில் வீடு சேர்க்கக்கூடிய வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு அவன் இதை எழுதியதை ஊரில் யாரும் வினோதமாக நினைக்கவில்லை. கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதையேதான் செய்திருப்பார்கள். அதன்பின் க்ளென்னாதான் வாராவாரம் சைக்கிளில் சாப்பாடும் பெட்ரோலும் கொண்டுபோனாள்.

இப்படியாக, பெரிய எஞ்சின் வைத்த அந்தக் காலத்து மசில் கார்களின் சந்தை தளருகிறதா என்ற கேள்வி மில்ஃபோர்க்கில் இரண்டு விதமாகக் கேட்கப்பட்டது. பெட்ரோல் நிலையத்துக் காபிக் கடையில் காலை ஆறு மணிக்குக் கூடும் ஆண்கள் பயந்துகொண்டே கேட்டார்கள். ஆர்வெல்லா மட்டும் ஆசையோடு கேட்டாள். ஒவ்வொரு ஏலத்துக்குப் பிறகும் பக்கத்து வீட்டு டெல்பர்ட் ரிங்கன்பர்க் விலைப்புத்தகத்தோடு அவள் சமையலறைக்கு வருவான். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"விழவே விழாது ஆர்வெல்லா. நல்ல வண்டிக்கு எப்பவும் ஆள் இருக்கு."

"வாங்குற ஆளெல்லாம் செத்துக்கிட்டிருக்கான் டெல்பர்ட். போன வாரம்கூட ரெண்டு சாவு வீட்டுக்குக் கேக் செஞ்சு அனுப்பினேன்."

"பேரப்பசங்க வாங்குவாங்க."

"உன் பேரன் பேட்டரி கார்ல வந்து, உன் வண்டியைப் பாத்துட்டு, இது ஏன் இப்படி நாறுதுன்னு கேட்டானே, அவனா?"

"என் வண்டியைப் பத்திப் பேசாதே."

"பேச என்ன இருக்கு? பெயிண்ட் மாத்தின வண்டி. உன் ஷெட் ஆறடிகூட நீளல."

டெல்பர்ட் காபியைக் குடித்துவிட்டு, விலைப்புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போவான். அவன் மனசை அது உறுத்தியது உண்மை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெர்ல் எஞ்சினைக் கால்மணி நேரம் ஓடவிடுவான். ஆர்வெல்லா ஒன்பதே முக்காலுக்கே ஷெட் கதவைத் திறந்து, சமையலறை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். முதல் வருஷம் அது சத்தமே இல்லை. கையைச் சிமெண்டில் வைத்தால் விரல்நுனியில் ஒரு நடுக்கம், அவ்வளவுதான். இரண்டாம் வருஷம் கோடையில் ஏலங்களில் வண்டிகள் விலைபோகாமல் திரும்பத் தொடங்கின. செப்டம்பரில், தூரத்து வயலில் யாரோ இயந்திரத்தால் சோளம் அறுப்பது போல ஒரு முனகல் அவள் காதுக்கு எட்டியது. டிசம்பரில் எஞ்சின் குளிரில் இரண்டு முறை திக்குவதைக்கூடக் கேட்டாள். எழுந்து வீட்டுக்குள் போய், வெளியே போகிறவள் போலத் தலைசீவிக்கொண்டு வந்தாள். பதினைந்து நிமிஷமும் அவள் இடது கை மடியில் இருந்தபடியே முதல் கியர், இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டிருந்ததை, தபால் போட வந்த க்ளென்னா பார்த்து, கூப்பிடாமல் திரும்பினாள்.

2024 வசந்தத்தில் விலை ஒன்றரை லட்சத்தில் நின்றது. பன்னிரண்டு மைல். ஏப்ரல், மே, ஜூன் என்று மூன்று மாதமும் சத்தம் அதே அளவில், ஒரு அடிகூடக் கிட்ட வராமல் கேட்டது. விலை இதோடு நிலைத்துவிட்டது, இனி ஏறலாம் என்று புத்தகம் எழுதியது. ஜூன் கடைசியில் க்ளென்னா கொண்டுவந்த சீட்டில், "இன்னும் இரண்டு வருஷம் பார்க்கலாம். நீ சுட்டனுப்பிய செர்ரிப் பை நன்றாக இருந்தது" என்று வெர்ல் எழுதியிருந்தான்.

ஆர்வெல்லாவுக்கு எழுபத்து நான்கு வயது. சீட்டை இருமுறை படித்தாள். பைபிளை எடுத்தாள், யோபுவின் புத்தகத்திலிருந்து தொழிற்சாலைத் தாளை உருவினாள், பின்கட்டில் குப்பை எரிக்கும் இரும்புப் பீப்பாய்க்குப் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்த டெல்பர்ட்டைக் கூப்பிட்டு, அவன் பார்க்கப் பார்க்கத் தாளை நெருப்பில் போட்டாள்.

"பைத்தியமா உனக்கு? அறுபதாயிரம் டாலர் பேப்பர் அது!"

"எட்டு மைல்னு சொல்லு."

"வெர்ல் என்ன சொல்லுவான்?"

"அதைக் கேக்கத்தான் எரிக்கிறேன்."

அரைமணி நேரம் காத்திருந்தாள். ஷெட்டில் எதுவும் மாறவில்லை. பிறகுதான் அவளுக்கு உறைத்தது, தாள் போனது சந்தைக்கு இன்னும் தெரியாது. வேலியருகே போய், "காபிக் கடைக்குப் போய்ச் சொல்லு டெல்பர்ட். ஒருத்தரையும் விடாம சொல்லு" என்றாள். ஐம்பது வருஷமாக எந்த ரகசியத்தையும் காப்பாற்றாத டெல்பர்ட், இதை மட்டும் சொல்லமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். இத்தனை நல்ல வண்டியைத் தன் வாயால் மதிப்பிறக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஆர்வெல்லா கெஞ்சவில்லை. "உன் பெண்டாட்டி மேரி லூ செத்துப்போனப்ப ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் எத்தனை மைல்?" என்று கேட்டாள். டெல்பர்ட் குச்சியைக் கீழே போட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டான்.

பதினொரு மணிக்குக் காபிக் கடைக்குத் தெரிந்தது. பன்னிரண்டுக்கு மாவட்டம் முழுக்கத் தெரிந்தது. ஒன்றே காலுக்கு ஓஹையோவிலிருந்து, அசல் வண்டிகளுக்குப் பதிவேடு வைத்திருப்பவர் போன் செய்து, செய்தி உண்மைதானா என்று இரண்டு முறை கேட்டார். "உண்மைதான், சாம்பல் வேணும்னா அனுப்பறேன்" என்றாள் ஆர்வெல்லா. அவர் போனை வைத்த சத்தத்தோடு ஷெட்டுக்குள்ளிருந்து, நீள மூச்சு விட்டாற்போல, குளிர்ந்த காற்று வெளியே வந்தது.

அன்றைக்கு முதல் சனிக்கிழமை அல்ல, வியாழக்கிழமை. ஆனால் எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு வெர்ல் சொன்னது: இரண்டரை வருஷமாக முன்னால் இருட்டைத் தவிர எதுவும் இல்லை, அன்று மத்தியானம் திடீரென்று பட்டாணி அளவில் வெளிச்சம் தெரிந்தது, அது வாசல், அதில் ஏதோ நின்றது. நாலு மைலுக்கு அப்பால் நிற்பது ஆளா தூணா என்று யாராலும் சொல்ல முடியாது. அவனால் முடிந்தது.

மணிக்குப் பத்து மைல் வேகத்துக்கு மேல் அவன் போகவில்லை. ஒவ்வொரு மைலாக ஏற ஏற வண்டியின் மதிப்பு இன்னும் குறைந்து, ஷெட்டும் முன்னால் சுருங்கிக்கொண்டே வந்ததால், நாலு மைல் தூரத்தை மூன்றே மைலில் கடந்தான். அந்தப் பதினெட்டு நிமிஷமும் ஆர்வெல்லா நாற்காலியில் உட்காரவில்லை. வண்டி வெயிலுக்கு வந்து நின்றபோது மைல் மீட்டரில் முப்பத்தோராயிரத்து நானூற்றுப் பதினைந்து இருந்தது. வெர்லின் தாடி மார்வரைக்கும் வளர்ந்திருந்தது.

"யாரோ விலையை உடைச்சுட்டாங்க" என்றான்.

"நான்தான்."

"தாளா?"

"ஆமா."

வெர்ல் ஸ்டியரிங்கைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் துடைத்தான். ஏரிக்கரை வீட்டின் முன்வாசல், மீன்பிடிக்கும் பலகைத் துறை, எல்லாம் அவன் முகத்தில் வந்து போயின. பிறகு, "பசிக்குது" என்றான். ஆர்வெல்லா சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினாள். "அங்கேயே உக்காரு, முட்டி இடிக்கும், வயசாச்சு" என்றான் அவன். அவள் நகர்ந்து நடுவுக்கு வந்தாள். தண்டு பழைய இடத்தில்தான் இருந்தது. வெர்ல் வலிக்கும் காலால் கிளட்ச்சை மிதித்தான். ஐஸ்கிரீம் கடை இருக்கும் திசைக்கு வண்டியைத் திருப்பி, "ம்" என்றான். பல்சக்கரம் கரகரத்தது, ஒரே ஒரு தடவை, பிறகு கியர் விழுந்தது.

இப்போது அவர்கள் புதன்கிழமைகளில் மளிகைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்கும் அந்த வண்டியில்தான் போகிறார்கள். விற்கும் நினைப்பே போய்விட்டதால் ஷெட்டும் பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது. டெல்பர்ட் பின் இருக்கையில் வருவதுண்டு. கதவோரம் யாரும் உட்காருவதில்லை. ஜனவரி ஏலங்களில் விலை கொஞ்சம் தலைதூக்கினால் ஷெட்டின் பின்சுவர் இரண்டடி மூன்றடி தள்ளிப் போகும். அப்போது ஆர்வெல்லா கோட்டை மாட்டிக்கொள்வாள், இருவரும் மாவட்ட எல்லைவரை ஓட்டிவிட்டுத் திரும்புவார்கள், சுவர் தன் இடத்துக்கு வந்துவிடும். சென்ற மாதம் வரி அலுவலகத்திலிருந்து வந்தவர் முதல்முறையாக உள்ளேயும் நாடா பிடித்தார். இருபத்து நான்கு அடி. எழுதிக்கொண்டு போனார்.