மலைக்குக் கேட்கிற வண்டி

அலுவலகத்தில் அவனுக்குப் புள்ளிவிவரம் என்று பட்டப்பெயர். காப்பீட்டு நிறுவனத்தில் அடுத்தவர் வண்டிக்கு என்னென்ன ஆபத்து வரும் என்று இருபது வருடம் கணக்குப் போட்டவன், சொந்தமாக ஒரு ஜீப் வாங்க எட்டு மாதமாக முழித்துக்கொண்டிருந்தான். டீசலா, கரண்டிலும் பெட்ரோலிலும் ஓடுகிற பிளக்-இன் ஹைப்ரிடா? அதற்கு நாற்பத்திரண்டு வரிசையில் ஓர் அட்டவணை. ஒரு வாரம் டீசல் ஜெயிக்கும். மறுவாரம் இவனே மதிப்பெண்ணைத் திருத்தி ஹைப்ரிடை ஜெயிக்க வைப்பான். இத்தனைக்கும் அவன் வண்டி ஓட்டிக் கடந்ததிலேயே பெரிய மேடு, அலுவலக வாசலில் இருக்கும் வேகத்தடைதான். அது அவனுக்கே தெரியும்.

ஓட்டப்போகிறவள் மனைவி. கால்நடை மருத்துவர். வாரத்தில் ஒருநாள் மலையேறி, ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, சுற்றுவட்டார ஆடு மாடுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பாள். பழைய ஜீப் மண்டையைப் போட்டதிலிருந்து பால் வேனில் தொற்றிக்கொண்டு போகிறாள். அந்த வேனும் இந்த மாதத்தோடு நிற்கப்போகிறது. அதற்குள் வண்டி வராவிட்டால் மலை வைத்தியத்துக்கு முழுக்குப் போட வேண்டியதுதான்.

கடைசியில் ஷோரூம்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஹைப்ரிடை ஒருநாள் ஓட்டிப் பார்க்க வாங்கினார்கள். அவள் ஓட்ட, அவன் அட்டவணையோடு பக்கத்தில் உட்கார்ந்தான். ஏற்றம் முழுக்கக் கரண்டிலேயே போகச் சொன்னான். வண்டி பூனை மாதிரி ஏறியது. சத்தம் என்கிற வரிசையில் பத்துக்குப் பத்து போட்டான், ஏதோ இன்ஜினைத் தானே செய்த மாதிரி பெருமையாக.

திருப்பத்தில் ஈ காக்கா இல்லை. வழக்கமாக இருபது உருப்படியாவது நிற்குமாம். ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். செல்போனில் சிக்னலும் இல்லை. தற்செயலாக விறகோடு வந்த எருமைக்காரம்மா ஒருத்தி இவர்களைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"எப்ப வந்தீங்க டாக்டரம்மா? வண்டிச் சத்தமே கேக்கலையே. அது கேட்டாத்தானே மாட்டை அவுப்போம்."

அவன் பத்துக்குப் பத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டான். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, தொப்பையைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி வீடு வீடாக "டாக்டர் வந்தாச்சு" என்று கத்திவிட்டு வந்தான். மூன்றாவது வீட்டோடு தொண்டை கட்டிவிட்டது. நாய்கள் மட்டும் கடைசிவரை கூடவே வந்து மரியாதை செய்தன.

எருமைக்காரம்மா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தபடி இன்னொன்றும் சொன்னாள். போன மழையில் பழைய ஜீப் ஓடையில் மாட்டிய அன்று, ஏறிக்கொண்டிருந்த சத்தம் பாதியில் நின்றுபோனதால்தான் கயிறோடு ஆட்கள் ஓடினார்களாம். அவர்கள் வந்தது ஏதோ அதிர்ஷ்டம் என்றே டாக்டரம்மாவும் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

கடைசி ஆட்டுக்கும் ஊசி போட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு கேட்டாள்.

"எட்டு மாசமா என்னதான் யோசிச்சீங்க? உண்மையைச் சொல்லுங்க."

அவன் நாற்பத்திரண்டு வரிசையையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"வண்டி வந்துட்டா நீ மறுபடியும் தனியாப் போவே. பால் வேன்ல டிரைவராவது கூட இருக்கார். எனக்குப் பயமா இருக்கு."

சொன்னதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் சிரிக்கவில்லை.

"நான் எங்கே தனியாப் போறேன்? இப்பதானே கேட்டீங்க. சத்தம் நின்னா மலையே தேடி வருது."

மறுநாள் ஷோரூமில் டீசல் வண்டியைக் காட்டியவர், உள்ளே உட்கார்ந்தால் இன்ஜின் ஓடுவதே தெரியாது என்று ஆரம்பித்தார். புள்ளிவிவரம் அவரையே உள்ளே உட்காரவைத்து, ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். தெருக்கோடிவரை நடந்துபோய் நின்று, காதில் கையைக் குவித்துக் கேட்டான். திரும்பி வந்து, இதைவிடச் சத்தமாக வேறு ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தான்.